காது டேவிட் வாங்கிய ஆமை

என் சித்தப்பா சவரிமுத்துவின் மூன்றாவது பிள்ளை டேவிட். மூத்தவள் அமலோற்பவம், அடுத்து ஒன்றரை வயதில் போய்விட்ட ஒரு பையன், அதற்குப் பிறகு இவன். சித்தப்பா திண்டுக்கல் பக்கமிருந்து ஆவடிக்கு வந்து, ராணுவத்துக்கு டாங்க் செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய வருஷம்தான் இவன் பிறந்தான். பிறகு இவனும் அதே தொழிற்சாலைக்கே போனான். முப்பத்தாறு வருஷமும் ஒரே இடம். இஞ்சினை ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று சொல்கிற டெஸ்ட் ஹவுஸ்.

அங்கே அவனுக்குக் காது டேவிட் என்று பெயர். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பான். அதன் நுனியை இஞ்சின் மேல் வைத்து, மரப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே எந்த பேரிங் கெட்டிருக்கிறது என்று சொல்லுவான். பிரித்துப் பார்த்தால் அதேதான் கெட்டிருக்கும். இரண்டு தடவை தப்பாகச் சொன்னதும் உண்டு. அதை வேறு யாரும் சொல்லமாட்டார்கள், அவனேதான் சொல்லுவான்.

காது அப்படி. கண்தான் கைவிட்டது. ரிட்டயர் ஆன மறுவருஷம் கண்ணில் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து விட்டும், நரம்பில் போனது போனதுதான். நேரே பார்ப்பது தெரியும், சுற்றி இருப்பது தெரியாது. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி. பேப்பர் படிப்பான், டிவியில் ஸ்கோர் சொல்லுவான், ஆனால் காலடியில் இருக்கிற வாளி தெரியாது. முத்தாபுதுப்பேட்டையில் அவன் வீடு இருக்கிற தெருவில் பாதிப் பேர் இதை நம்பவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவன் மனைவி ஜெயசீலி அடுப்படி வாசலில் அரிசி முறத்தை வைத்துவிட்டு, கதவைத் தட்டியது யாரென்று பார்க்கப் போனாள். மேனாம்பேட்டுக்காரி, எதிலும் சுறுசுறுப்பு. திரும்பி வருவதற்குள் இவன் முறத்தில் கால் வைத்து விழுந்து, மணிக்கட்டு உடைந்து, பிளேட் வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். தரையில் எதுவும் இருக்கக்கூடாது. செருப்பு ராக்கில், வாளி பாத்ரூமுக்குள், குப்பைக் கூடை மேடைமேல். எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குக் குடில் தரையில்தான் கட்டுவோம், மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கப்போட்டு. அந்த வருஷம் ஜெயசீலி குடிலையே மேஜைமேல் ஏற்றிவிட்டாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற நான் போய்ப் பையைக் கீழே வைத்தால், "அண்ணி, பைய மேல வைங்க," என்பாள். வைக்காவிட்டால் அவளே எடுத்து வைப்பாள்.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம் ஜெயசீலிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, இனிமேல் குனிந்து பெருக்கவே கூடாது, இன்னொரு தடவை பிடித்தால் கால் மரத்துப்போகும், ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்புக்கு பெல்ட் கொடுத்தார். வேலைக்கு வந்துகொண்டிருந்த கோமளா, மகள் பிரசவத்துக்கென்று திருவள்ளூர் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

டேவிட் தானே பெருக்குகிறேன் என்று துடைப்பத்தை எடுத்தான். அவன் கண்ணுக்கு ஒரு முழம் அகலம்தான் தெரியும். அந்த ஒரு முழத்தையே நாலு தடவை பெருக்கிவிட்டு, முடிந்தது என்றான்.

ஜெயசீலி படுத்தபடியே எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஹால் நடுவுல ரோடு போட்ட மாதிரி கீது. ரெண்டு பக்கமும் மண்ணு அப்படியே கீது."

"ரோடு சுத்தமா கீதா இல்லயா?"

"சுத்தமா கீது. பஸ்ஸு ஓட்டலாம்."

நாலாம் நாள் மத்தியானம் அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் சர்ரு சர்ரென்று சத்தம் கேட்டிருக்கிறது. துடைப்பச் சத்தம். எழுந்து போய் அவள் கையிலிருந்து வாங்கினான். இருவருக்கும் பேச்சு முற்றி, அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகள் ஃபெபி பூந்தமல்லியிலிருந்து வந்தாள். தானாக ஓடித் தூசியை உறிஞ்சுகிற ரோபோவை போனில் காட்டினாள். வட்டமாக, சப்பையாக, ஒரு பெரிய தட்டு அளவு. கட்டிலுக்கு அடியில் போய்ப் பெருக்கிவிட்டு, தானாகவே திரும்பிவந்து சார்ஜில் நின்றுகொள்கிறது.

"ஆமை," என்றாள் ஜெயசீலி. "தரையில ஒண்ணும் வைக்கக்கூடாதுன்னு நான் கூடையைக்கூட மேல ஏத்தி வச்சா, நீ ஆமையை ஓடவிடலாங்கிறியா? உங்க அப்பா அது மேல கால வைப்பாரு."

"அம்மா, அது ஆளு வந்தா ஒதுங்கிடும்."

"உங்கப்பா ஒதுங்குவாரா?"

டேவிட் போனை வாங்கிக் காதில் வைத்தான். படத்தைப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டான். பின்னால் யாரோ பாட்டு போட்டிருந்தார்கள். "இதுல ஒண்ணும் தெரில. கடையில ஓடவிட்டுக் கேக்கணும்," என்றான்.

ஜெயசீலி கட்டிலில் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். "கேளுங்க, வாங்குங்க. ஆனா ஒண்ணு. ஒரே ஒரு தடவ நீங்க அதுல இடிச்சிக்கினாலும் ஆமை வெளிய போவும், துடைப்பம் என் கைக்கு வரும். அப்புறம் டாக்டரு சொன்னாரு, இடுப்பு போயிரும்னு எங்கிட்ட யாரும் பேசக்கூடாது. அண்ணி, நீங்க சாட்சி."

இடுப்பு போனாலும் பரவாயில்லை, இவன் இன்னொரு தடவை விழக்கூடாது என்பது அவள் கணக்கு. முறத்தை வைத்த கை அவளுடையது. அதை அவள் மறக்கவே இல்லை.

மறுநாள் நானும் அவனும் ஆட்டோ பிடித்து அம்பத்தூர் போனோம். கடையில் ரோபோக்கள் வரிசையாகச் சுவர் ஓரம் இருந்தன. தேவிப்பிரியா என்கிற பெண் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது துடைக்கவும் துடைக்கும், இது வீட்டை வரைபடம் போட்டுக்கொள்ளும், இது பூனை நடக்கிற மாதிரி, சத்தமே வராது.

"சத்தமே வராததை எடுத்து அப்பால வைம்மா," என்றான் டேவிட். "எதுக்கு சத்தம் ஜாஸ்தி?"

அவள் என்னைப் பார்த்தாள். "சார், எல்லாரும் சத்தம் கம்மியாதான் கேப்பாங்க."

"அவங்களுக்குக் கண்ணு நல்லா கீது."

அவன் கண்ணைப் பற்றி நான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் மறுபேச்சு பேசாமல் ஒவ்வொன்றையும் ஓடவிட்டாள். டேவிட் கையோடு கொண்டுவந்திருந்த குடையின் நுனியை ரோபோவின் முதுகில் வைத்து, வளைந்த பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, அது போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே குனிந்து போனான். கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து, ரிப்பேர்காரரா என்று கேட்டார்.

கடைசியில், மிக்ஸி ஓடுவதுபோல இரைகிற ஒன்றை எடுத்தான். பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றாள் தேவிப்பிரியா.

முதல் நாலு நாளும் நான் என் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்க்க மட்டும் இல்லை, டேவிட் அதைக் கேட்பதைப் பார்க்கவும்தான். நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, அது எங்கே இருக்கிறது என்று சொல்லுவான். "இப்ப கட்டிலுக்கு அடியில பூந்துச்சு. இப்ப பீரோ காலை முட்டுது. இப்ப டைல்ஸ் முடிஞ்சு மொசைக்ல எறங்குது." ஜெயசீலி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி போய்ப் பார்ப்பாள். சொன்ன இடத்தில்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் ஹாலில் ஒரு இடம் வந்ததும் கையைத் தூக்கினான். "இங்க ஒரு டைல்ஸுக்குக் கீழ சிமெண்ட் புடிக்கல. வெறுமையா கீது. பதினேழு வருஷமா இது மேல நடக்கறேன், எனக்குத் தெரில."

நான் எழுந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். டொக்கென்றது. பக்கத்து டைல்ஸ் அப்படி இல்லை.

"ஆமை சொல்லித்தான் தெரியணுமா," என்றாள் ஜெயசீலி. ஆனால் அவளும் வந்து காலால் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

ஐந்தாம் நாள் அது நின்றுவிட்டது.

ஜெயசீலி பெல்ட்டைக் கழற்றி ஹால் நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டுப் படுத்திருந்தாள். பெல்ட்டின் வார் தரை வரைக்கும் தொங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ரோபோ அதை இழுத்து பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டு, அடுப்படிக்குப் போகிற வழியில் நின்றது. மாட்டிக்கொண்டேன் என்று இங்கிலீஷில் ஒரே ஒரு தடவை சொன்னது. அந்த நேரம் பார்த்து குக்கர் விசில் அடித்தது. விசில் அடங்கியதும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நான் அடுப்படியில் இருந்தேன்.

சத்தம் நின்றதும் டேவிட் எழுந்து நடந்தான், தண்ணீர் வேண்டும் என்றபடி. கால்விரல் அதில் மோதி முன்னால் சரிந்தான். சுவரில் மாதா படம் வைத்திருக்கிற பலகையைப் பிடித்துக்கொண்டதால் தப்பினான். மெழுகுவர்த்தித் தண்டு மட்டும் விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்துக்கு ஜெயசீலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் அவன் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் போய்த் துடைப்பத்தை எடுத்தாள்.

"அஞ்சு நாளு," என்றாள்.

டேவிட் அந்தப் பலகையைப் பிடித்தபடியே நின்றான். "தப்பு அது மேல இல்ல ஜெயா. எம்மேல. டெஸ்ட் ஹவுஸ்ல இஞ்சின் ஓடறப்ப உள்ள போவக் கூடாது. சத்தம் நின்னாதான் போவலாம். முப்பத்தாறு வருஷம் அப்படியே போயிட்டு வந்த காலு. சத்தம் நின்னுச்சு, எந்திரிச்சிட்டேன்."

"அதுக்கு?"

"ஓடறப்ப இன்னா சத்தம் வரும்னு கடையில கேட்டேன். நின்னா இன்னா பண்ணும்னு கேக்கல. மாத்திக்கறதுக்கு இன்னும் நாள் கீது. ஒரே ஒரு நாள் குடு."

"நான் சொன்ன வார்த்தை இன்னா?"

"இடிச்சா ஆமை வெளிய போவும்னு சொன்ன. நாளைக்குக் காலையில நானே தூக்கிக்கினு வெளிய போறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள். துடைப்பத்தைத் திரும்ப வைக்கவும் இல்லை. கட்டில் ஓரம் சாய்த்து வைத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் கடைக்குப் போகும்போது டேவிட் ரோபோவோடு அந்த இடுப்பு பெல்ட்டையும் மடித்து எடுத்துக்கொண்டான். தேவிப்பிரியாவுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, "எல்லாத்தையும் எடும்மா. ஒவ்வொண்ணுக்கும் இதைத் தீனி போட்டுப் பாக்கணும்," என்றான்.

"சார், டெமோ பீஸ் சார். பிரஷ் போயிரும்."

"போவாது. நான் சாட்சி," என்றேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவள் எடுத்துவந்தாள்.

முதலாவது வாரை விழுங்கி நின்றது. ஒரு தடவை சொன்னது, பிறகு அமைதி. இரண்டாவது வாயே திறக்கவில்லை. தேவிப்பிரியா தன் போனைக் காட்டினாள். மாட்டிக்கொண்ட செய்தி அதில் வந்திருந்தது.

"போனை எடுத்து, கண்ணாடி போட்டு, நான் படிக்கறதுக்குள்ள விழுந்திருப்பேன்," என்றான் டேவிட்.

மூன்றாவது மூன்று தடவை சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டது. டேவிட் குடையைக் காதில் வைத்துக் கேட்டான். உள்ளே ஒரு மூச்சும் இல்லை என்றான்.

"அவ்ளோதான் சார்," என்று தயங்கினாள் அவள். "இன்னொண்ணு கீது. பழைய மாடல். யாரும் எடுக்க மாட்டாங்கன்னு உள்ள வச்சுட்டோம்."

"ஏன் எடுக்க மாட்டாங்க?"

"மாட்டிக்கிச்சுனா ஓயாம கத்தும் சார். போய்த் தூக்கற வரைக்கும் உடாது. வாங்கினவங்க தொல்ல தாங்கலன்னு குடுத்துட்டாங்க."

டேவிட் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். "அதைக் கொண்டாம்மா."

உயரத்தில் கொஞ்சம் கூடுதல், மேலே கீறல் விழுந்த கறுப்பு மூடி. வாரைக் கொடுத்தோம். நின்றது, கூப்பிட்டது. பத்து எண்ணுவதற்குள் திரும்பக் கூப்பிட்டது. திரும்பவும். தேவிப்பிரியா எங்களுக்கு டீ வாங்கிவந்து கொடுத்தாள். குடித்து முடித்தோம், இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இதுக்குத் தமிழ் வருமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இங்கிலீஷ், இந்தி ரெண்டுதான்."

"பாஷை எதுவா இருந்தா இன்னாக்கா, கூப்புடுதுல்ல," என்றான் டேவிட். பிறகு அவளிடம் கேட்டான். "சார்ஜ் தீர்ந்துட்டா?"

அவள் கையேட்டைப் புரட்டினாள். சார்ஜ் குறைந்தால் தானாகத் திரும்பிப் போய்விடும். மாட்டிக்கொண்டு நிற்கும்போது தீர்ந்தால் பேச்சும் நின்றுவிடும். அதுவரை எவ்வளவு நேரம் கூப்பிடும் என்று புத்தகத்தில் இல்லை.

"அது தெரியாம வாங்க முடியாது," என்றான் அவன்.

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பு மூடியையே பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல ஆகிவிட்டது. "பெல்ட்ட இங்கயே விட்டுட்டுப் போங்க சார். நான் பாத்து போன் பண்றேன்."

பெல்ட் இல்லாமல் வந்ததற்கு ஜெயசீலியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். சாயங்காலம் செபமாலை முடிகிற நேரம் போன் வந்தது. டேவிட் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், நீங்க போன அப்புறம் இப்ப வரைக்கும் கத்துது சார். சார்ஜ் இன்னும் பாதி கீது. மேனேஜர் தலைவலிங்கறாரு. நிறுத்திடட்டுமா?"

போனுக்குள் அது கூப்பிடுவது எங்களுக்கும் கேட்டது. ஜெயசீலி கையில் செபமாலையோடு போன் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"நிறுத்தும்மா. நாளைக்கு வரோம்," என்றான் டேவிட்.

அந்தக் கறுப்பு மூடி ரோபோ வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகியும் எங்கேயும் மாட்டவில்லை. டேவிட்டுக்கு அதுவே கவலை. மூன்றாம் நாள் நான் போனபோது அவன் ஹாலில் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தான், ரோபோ படுக்கை அறையில் இரைந்துகொண்டிருந்தது. ஜெயசீலி அறை வாசலில் நின்று, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். கொடியில் கிடந்த குளியல் துண்டை எடுத்து, அது வரும் வழியில் போட்டாள். போட்டுவிட்டு, அவன் சரிந்தால் பிடிக்கிற தூரத்தில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். இடுப்பு அப்படி இருக்கும்போது எப்படிப் பிடிப்பாள் என்று நானும் கிட்டே போய் நின்றேன்.

அது துண்டை இழுத்துக்கொண்டு நின்றது. இரைச்சல் நின்றது.

டேவிட் பேப்பரைத் தாழ்த்தினான். எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டது. கேட்டான். இரண்டாவது தடவை கூப்பிட்டதும் எழுந்தான். பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அது கூப்பிடும்போது நடப்பான், கூப்பிடாதபோது நிற்பான். அதற்கு ஒரு சாண் முன்னால் நின்று, குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தூக்கினான். அது வாயை மூடியது.

துண்டைத் தடவிப் பார்த்தான். "இது குளிக்கிற துண்டு. காலையில நான்தான் கொடியில போட்டேன். எறங்கி நடந்து வந்துச்சா?"

"நான்தான் போட்டேன்," என்றாள் ஜெயசீலி, அவன் தலைக்கு நேர் மேலே நின்றுகொண்டு.

"தரையில ஒண்ணும் போடக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"போட்டவளே எடுத்துட்டேன்னு வச்சுக்கங்க." கட்டில் ஓரம் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அண்ணி, இத உங்க ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்க. இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது."

டேவிட் அங்கேயே தரையில் சம்மணம் போட்டு, ரோபோவை மடியில் மல்லாத்தி, அந்தப் பழைய ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். பிரஷ்ஷைக் கழற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்த முடியை இழுத்தான். வந்துகொண்டே இருந்தது, பாதி கறுப்பு, பாதி வெள்ளை, முழ நீளம்.

"இன்னா ஜெயா, உனுக்கு இவ்ளோ முடி கொட்டுது?"

"முப்பத்தொம்பது வருஷமா கொட்டுது," என்றாள் அவள். "இத்தினி நாள் நான் பெருக்கினேன், உங்களுக்குத் தெரில."